தர்பூசணிக்கு ஒரு குழாய்... பார்ட்டிக்கு ஒரு ஜூஸ் பானை!

மே மாதம் பிறந்தநாள் வருகிற குட்டீஸ் இருக்கும் வீடுகளில் வருஷா வருஷம் ஒரு கேள்வி எழும். 'வர்றவங்களுக்குக் குடிக்க என்ன கொடுக்குறது?' ரெண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் நாலு வாங்கி, பேப்பர் கப்பில் ஊத்தி நீட்டிவிடுவதுதான் வழக்கமான பதில். இந்த இடத்தில்தான் ரீல்ஸில் அடிக்கடி கண்ணில்படுகிற அந்தப் பச்சைப் பானை என்ட்ரி கொடுக்கிறது. முழு தர்பூசணி, அதன் வயிற்றில் ஒரு சின்னக் குழாய். திருகினால் சிவப்பாக ஜூஸ் கொட்டும்.

அமெரிக்காவில் இது புதுசு இல்லை. ஜூலை 4 சுதந்திர தின வீட்டுக் கொண்டாட்டங்களில் தர்பூசணிக்குக் குழாய் வைப்பார்கள். இலையுதிர் காலம் வந்தால் அதே குழாய் பரங்கிக்காய்க்கு மாறும், உள்ளே ஆப்பிள் ஜூஸ் போகும். அங்கே பெரியவர்கள் பார்ட்டி என்றால் உள்ளே என்ன ஊத்துவார்கள் என்பதை நீங்களே யூகிச்சுக்கலாம். நாம பேசப்போறது குழந்தைகளும் தாத்தா பாட்டியும் சேர்ந்து குடிக்கிற வெர்ஷன்.

பார்க்க ஈஸியாக இருக்கும். ஆனா வீடியோவில் காட்டாத விஷயங்கள் நாலைந்து இருக்கு. குழாயைச் சுற்றி ஒழுகும், சக்கை அடைக்கும், பாதியிலேயே ஜூஸ் வராம நின்னுபோகும். எல்லாத்துக்கும் மேல, நம்ம ஊர் வெயிலில் அந்த ஜூஸ் எவ்வளவு நேரம் வெளியே இருக்கலாம் என்கிற கேள்விக்கு எந்த ரீல்ஸும் பதில் சொல்றதில்லை. அதனால ஒவ்வொண்ணா பார்ப்போம்.

எந்தப் பழம்?

நம்மில் பலர் பண்ற முதல் வேலை, கடையில் இருக்கிறதிலேயே பெரிய பழத்தைத் தூக்கிட்டு வருவது. பத்து கிலோ பழம் கெத்தாகத்தான் இருக்கும். ஆனா அது உங்க வீட்டு சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜுக்குள்ள நுழையுமா? தட்டு ரெண்டைக் கழட்டினாலும் கதவு மூடாது. அதுக்குப் பதில் அஞ்சு கிலோ அளவில் ரெண்டு பழம் வாங்குங்க. ஏன் ரெண்டு என்பது கீழே வரும். கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜ் தட்டுகளுக்கு நடுவில் எவ்வளவு உயரம் இருக்குன்னு சாண் வச்சாவது அளந்துட்டுப் போங்க.

சீஸனில் திண்டிவனம், மரக்காணம் பக்கம் இருந்து வருகிற வரி போட்ட பெரிய ரகங்கள் இதுக்கு நல்லா இருக்கும், தோல் தடிமனாக இருக்கும். கரும்பச்சையில், கைக்கு அடக்கமாக, மூணு கிலோவுக்குள் கிடைக்கிற சின்ன ரகங்கள் சாப்பிட சூப்பர். ஆனா தோல் மெலிசு, குழாயின் கனத்தைத் தாங்காம வெடிச்சுடலாம். ரொம்ப சின்ன கூட்டம்னா மட்டும் ட்ரை பண்ணலாம்.

தட்டிப் பார்த்து 'டொக் டொக்'னு சத்தத்தை வச்சு முடிவு பண்றது ஒரு கலைதான். ஆனா அது எல்லாருக்கும் கைகூடாது. அதைவிட நம்பகமானது தரையில் படுத்திருந்த பக்கம். அங்கே ஒரு திட்டு இருக்கும். அது வெள்ளையா இருந்தா சீக்கிரமே பறிச்சுட்டாங்கன்னு அர்த்தம், வெண்ணெய் மாதிரி மஞ்சளா இருந்தா பழுத்திருக்கு. ஒரே சைஸில் ரெண்டு பழம் இருந்தா கனமானதை எடுங்க. கீறல், நசுங்கல், மெத்துனு அமுங்குற இடம் இருந்தா வேண்டாம். நமக்கு இது பழம் மட்டும் இல்லை, பாத்திரமும்கூட. விதை இருக்கா இல்லையான்னு கவலையே வேண்டாம், எப்படியும் வடிகட்டத்தான் போறோம்.

நடுவில் ஒரு விஷயம். 2025 கோடையில், 'தர்பூசணிக்குள்ள சிவப்புச் சாய ஊசி போடுறாங்க'னு தமிழ்நாட்டில் ஒரு பேச்சு பரவி, வாங்குறவங்க குறைஞ்சு, விலை சரிஞ்சு, பழத்தைக் கையில் வச்சுக்கிட்டு விவசாயிகள் தவிச்சதும் போராடினதும் ஞாபகம் இருக்கும். முழுப் பழத்துக்குள் ஊசி போட்டால் சாயம் ஒரே சீராகப் பரவாது. துளை போட்ட பழம் அந்த வழியாகவே கிருமி புகுந்து சீக்கிரம் அழுகும், நஷ்டம் வியாபாரிக்குத்தான். தர்பூசணியின் சிவப்பு, லைகோபீன் என்கிற நிறமி தருவது. தக்காளிக்குச் சிவப்பு தருவதும் அதேதான். ஜூஸை அரை மணி நேரம் வச்சா சக்கை தனியா, வெளிர் தண்ணி தனியா பிரிஞ்சு நிக்கும். அதைப் பார்த்து 'அய்யோ கலர்!'னு பதற வேண்டாம், அது இயல்பு. பழத்தில் 90 சதவிகிதத்துக்கு மேல் தண்ணிதானே.

குழாய் எங்கே கிடைக்கும்?

ஆன்லைனில் 'வாட்டர்மெலன் டேப் கிட்'னு தனியா விக்குறாங்க. தேவையே இல்லை. மண்பானைக்கும் வாட்டர் ஃபில்ட்டருக்கும் போடுற பிளாஸ்டிக் குழாய் ஹார்டுவேர் கடையிலும் பாத்திரக் கடையிலும் கிடைக்கும். வாங்கும்போது மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, மரை இருக்கிற பின்பகுதி நீளமா இருக்கணும். தர்பூசணித் தோல் மண்பானையைவிடத் தடிமன். மரை குட்டையா இருந்தா உள்ளே நட்டு பிடிக்காது. ரெண்டு, ரப்பர் வாஷர் ரெண்டு வேணும். உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணு. மூணு, உணவுக்கு ஏத்த பிளாஸ்டிக்கா இருக்கணும். கிளாஸும் ஃபோர்க்கும் சேர்ந்த சின்ன படம் அச்சாகி இருந்தா நல்லது. இல்லைன்னா ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல். பாத்ரூமுக்கும் தோட்டத்துக்கும் போடுற குழாய் வேண்டாம். பித்தளையும் வேண்டாம், எலுமிச்சைப் புளிப்பு பட்டா உலோகம் ஜூஸில் இறங்கும்.

வெட்டலாமா?

பழத்தை வெட்டுறதுக்கு முன்னாடி வெளித்தோலை ஓடுற தண்ணியில் பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் கழுவுங்க. 'தோலையா சாப்பிடப் போறோம்?'னு கேட்காதீங்க. வயல் மண்ணும், லாரியும், கடைத் தரையும் பார்த்துட்டு வந்த தோல் அது. கத்தி உள்ளே இறங்கும்போது தோலில் இருக்கிறதையும் சேர்த்து சதைக்குள்ள கொண்டுபோகும். சோப்பு போடக் கூடாது. கழுவி, சுத்தமான துணியில் துடைச்சுக்கோங்க.

பழத்தை எப்படி நிக்க வைக்குறதுன்னு அடுத்த கேள்வி. வெளிநாட்டு வீடியோக்களில் அடியில் மெலிசா சீவி விடுவாங்க. கை கொஞ்சம் தப்பி, சிவப்பு தெரியுற வரைக்கும் சீவிட்டா அவ்வளவுதான், பானை ஓட்டையாகிடும். நம்ம வீட்டில் இதைவிட நல்ல ஐட்டம் இருக்கு. பிரிமணை! உருண்டைப் பானையை உக்கார வைக்கிற அதே பிரிமணை தர்பூசணியையும் கச்சிதமா தாங்கும். ஒரு அகலமான பாத்திரத்தைக் கவிழ்த்துப் போட்டு, மேலே பிரிமணை வச்சு, அதுக்கு மேல பழம். குழாய்க்குக் கீழே டம்ளர் வைக்க உயரமும் கிடைச்சாச்சு. பிரிமணை இல்லைன்னா ஒரு துண்டை முறுக்கி வளையமா சுத்தி வைங்க. (ஜப்பானில் ககாவா மாகாணத்தின் ஸென்ட்சுஜியில் பெட்டிக்குள் வச்சு சதுரமான தர்பூசணி வளர்க்குறாங்க. உருளாது, அழகா நிக்கும். ஆனா பழுக்குறதுக்கு முன்னாடியே பறிச்சுடுறதால சாப்பிட உதவாது, வெறும் அலங்காரம். நமக்கு உருண்டையே போதும்.)

உச்சியில் மூடி வெட்டணும். கத்தியை நேரா கீழே இறக்காம, நடுப்பகுதியை நோக்கிச் சாய்ச்சுப் பிடிச்சு வட்டமா வெட்டுங்க. அப்போதான் மூடி உள்ளே விழாம உக்காரும். கைப்பிடி உள்ளே போற அளவுக்கு வட்டம் அகலமா இருக்கணும். ஜிக்ஜாக் டிசைன் எல்லாம் போட்டோவுக்கு மட்டும்தான், நேரம் இருந்தா பண்ணுங்க. கத்தி வேலை பெரியவங்களோடது. ஐஸ்க்ரீம் ஸ்கூப்பாலும் குழிக்கரண்டியாலும் சதையைத் தோண்டுற வேலையைக் குட்டீஸ்கிட்ட விட்டுடலாம். அவங்களுக்குப் பார்ட்டியே அங்கேதான் ஆரம்பிக்கும். வெள்ளைப் பகுதி தெரிய ஆரம்பிச்சதும் நிறுத்திடுங்க. அதுதான் பானையோட சுவர்.

சதையை மிக்ஸியில் போட்டு நிறுத்தாம ஓட்டாதீங்க. விதையும் அரைபட்டு லேசாக் கசக்கும். ரெண்டு மூணு தடவை விட்டு விட்டு ஓட்டினா போதும். இன்னும் சிம்பிளா, பெரிய பாத்திரத்தில் போட்டு மத்தால மசிச்சாலே ஜூஸாகிடும், அவ்வளவு இளகின சதை. அப்புறம் வடிகட்டியில் ஊத்தி வடிச்சுடுங்க. குழாய் அடைபடாம இருக்கிறதே இந்த ஸ்டெப்பில்தான் இருக்கு. சோம்பல்பட்டா, அஞ்சாவது டம்ளரிலேயே குழாய் சொட்டு போட ஆரம்பிச்சுடும்.

இப்போ குழாய். அடியில் இருந்து ரெண்டு, ரெண்டரை விரல் உயரத்தில் மரைப் பகுதியை அழுத்தி வட்டம் வரைஞ்சுக்கோங்க. அந்தக் கோட்டுக்கு ஒரு நூல் உள்ளே தள்ளி, சின்னக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமா குடைஞ்சு எடுங்க. துளை சின்னதா இருந்தா பெருசாக்கிக்கலாம். பெருசாப் போயிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. உள்பக்கம் துளையைச் சுத்தி ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு மேல சதையைச் சுரண்டிச் சமமாக்குங்க. வளைஞ்ச சுவரில் வாஷர் ஒட்டாது, ஒழுகுறதுக்கு முக்கியமான காரணமே அதுதான். குழாயைத் திருகி உள்ளே தள்ளி, உள்பக்கம் வாஷர், நட்டு போட்டுக் கையாலேயே இறுக்குங்க. ஸ்பேனர் எடுத்தா தோல் பிளந்துடும்.

ஜூஸ் ஊத்துறதுக்கு முன்னாடி குடிக்கிற தண்ணியை ஊத்தி, சிங்க்கில் பத்து நிமிஷம் வச்சுப் பாருங்க. சொட்டினா நட்டை இன்னும் கால் சுத்து திருப்புங்க. அப்பவும் கசிஞ்சா வெளி வாஷருக்கு அடியில் இன்னொரு வாஷர் சேருங்க. எம்-சீல், ஃபெவிக்விக் பக்கம் கை போகவே கூடாது, உள்ளே இருக்கிறது குடிக்கிற சமாச்சாரம்.

உள்ளே என்ன ஊத்தலாம்?

அஞ்சு கிலோ பழத்தில் ஏறக்குறைய மூணு கிலோ சதை கிடைக்கும். வடிச்சா ரெண்டு லிட்டர் ஜூஸ் தேறும். அதோட நாலு எலுமிச்சம்பழச் சாறு, ஒரு கைப்பிடி புதினாவையும் கட்டைவிரல் அளவு இஞ்சியையும் நசுக்கிப் பிழிஞ்ச சாறு, அரை டீஸ்பூன் உப்பு. இனிப்பு பழத்திலேயே இருக்கும். பத்தலைன்னா மட்டும் சர்க்கரைப் பாகோ நன்னாரி சர்பத்தோ சேருங்க. என் ஓட்டு நன்னாரிக்கு. எலுமிச்சை, நன்னாரி கூட்டணி நமக்கு ஏற்கெனவே பழக்கம், அதுக்குள்ள தர்பூசணி வந்து உக்காந்தா வித்தியாசமாவும் இருக்கும், அந்நியமாவும் தெரியாது. எல்லாம் சேர்த்து ரெண்டரை லிட்டருக்குப் பக்கத்தில் வரும். 150 மில்லி கப்புன்னா 16 பேருக்கு ஒரு பழம். ரெண்டு பழத்துக்கு 32 கப்.

சப்ஜா விதை, நுங்குத் துண்டு, பழத்துண்டு எதையும் பானைக்குள் போடாதீங்க. குழாய் அடைக்கும். தனித்தனி கிண்ணத்தில் பக்கத்தில் வச்சுட்டா, அவங்கவங்க டம்ளரில் போட்டுக்கட்டும். சோடாவும் அப்படித்தான். பானையில் ஊத்தினா கால் மணி நேரத்தில் புஸ்ஸுனு ஆகிடும். கப்பில் முக்கால்வாசி ஜூஸ், மேலே சோடா. பால் சேர்த்த ரோஸ்மில்க் டைப் ஜூஸ் தனி ஜக்கில் இருக்கட்டும், இந்த வெயிலுக்கு அது சீக்கிரம் திரிஞ்சுடும்.

ஜூஸ் பாதியிலேயே நின்னுட்டா முதலில் மூடியைப் பாருங்க. மூடி இறுக்கமா இருந்தா உள்ளே காத்து போக வழியில்லை. காத்து உள்ளே போனாத்தான் ஜூஸ் வெளியே வரும். மூடியில் ஸ்ட்ரா அளவுக்கு ஒரு துளை போட்டுட்டா சரியாகிடும். மட்டம் குறையக் குறைய வேகமும் குறையும், அது ரிப்பேர் இல்லை. கடைசி ரெண்டு டம்ளருக்குப் பழத்தைச் சாய்க்கணும். ஜூஸ் பிரிஞ்சு நிக்கும்னு சொன்னோமே, அதனால அப்பப்போ கரண்டியால் ஒரு கலக்கு கலக்குங்க. இல்லைன்னா முதல் ஆளுக்கு ஒரு ருசி, கடைசி ஆளுக்கு ஒரு ருசி.

ஒரு மணி நேரம்தான்!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன்னா, இதைப் படிங்க. வெட்டாத தர்பூசணி நாள் கணக்கில் வெளியே இருக்கும். வெட்டின நிமிஷத்தில் இருந்து கதை வேற. எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி இதில் புளிப்பு கிடையாது. தண்ணி இருக்கு, சர்க்கரை இருக்கு, புளிப்பு இல்லை. சால்மோனெல்லா மாதிரி கிருமிகளுக்கு இது விருந்து. வெட்டின பழம் உள்பட, கெட்டுப்போகக்கூடிய உணவை ஃப்ரிட்ஜுக்கு வெளியே ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்கக் கூடாது, 32 டிகிரி செல்சியஸைத் தாண்டுற வெப்பத்தில் ஒரு மணி நேரம்தான் கணக்குன்னு அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லுது. மே மாசத்தில் சென்னை, வேலூர், திருச்சி மொட்டை மாடியில் சாயங்காலம் அஞ்சு மணிக்கு எத்தனை டிகிரின்னு உங்களுக்கே தெரியும். எலுமிச்சை சேர்த்திருக்கோமே என்கிற தைரியமும் வேண்டாம். அது ருசிக்கு. கிருமியைத் தடுக்குற அளவுக்குப் புளிப்பு ஏறிச்சான்னு நாக்கால் கண்டுபிடிக்க முடியாது.

அதுக்காக ஐடியாவையே கைவிட வேண்டியதில்லை. ரெண்டு பழம்னு சொன்னது இதுக்குத்தான். காலையிலேயே ரெண்டையும் குடைஞ்சு, ஜூஸை எலுமிச்சை சேர்க்காம பாட்டில்களில் அடைச்சு ஃப்ரிட்ஜில் வைங்க. காலி ஓடு ரெண்டையும் மூடி போட்டு ஃப்ரிட்ஜிலேயே வைங்க. தடிமனான ஓடு நல்லா சில்லுனு ஆகிட்டா ஜூஸையும் கொஞ்ச நேரம் குளிர்ச்சியா வச்சிருக்கும். கேக் வெட்டுற நேரத்துக்கு எலுமிச்சையும் புதினாவும் கலந்து முதல் பழத்தில் ஊத்தி வெளியே கொண்டு வாங்க. மாடியில்னா ஒரு மணி நேரம், ஏசி ஹாலில்னா ரெண்டு மணி நேரம். டைம் முடிஞ்சதும் மிச்சம் இருந்தாலும் அதை எடுத்துட்டு ரெண்டாவது பழம். பழைய ஜூஸ் மேலேயே புதுசை ஊத்தி நிரப்புற பழக்கம் மட்டும் வேண்டாம். போனில் அலாரம் வச்சுக்கோங்க, பார்ட்டி மும்முரத்தில் யாருக்கும் மணி ஞாபகம் இருக்காது. குழாயும் ரெண்டு வாங்கிட்டா நடுவில் கழட்டி மாட்டுற டென்ஷன் இல்லை.

ஐஸ் விஷயத்திலும் உஷாரா இருக்கணும். மீன் பெட்டிக்குப் போடுற ஐஸும் குடிக்கிற ஐஸும் ஒண்ணு இல்லை. சாப்பாட்டுக்கு ஆகாத ஐஸில் நீல நிறம் சேர்க்கணும்னு 2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டிருக்கு. ஆனா கடையில் வாங்குற கட்டி எந்தத் தண்ணியில் செஞ்சதுன்னு பார்த்துச் சொல்ல முடியாது. வீட்டிலேயே செய்யுறது ஈஸி. முதல் நாளே இன்னொரு சின்னப் பழத்தின் ஜூஸை ஐஸ் ட்ரேயில் ஊத்தி உறைய வச்சுடுங்க. கரைஞ்சாலும் ஜூஸ் நீர்த்துப்போகாது.

வேற பழம்?

அன்னாசியைக் குடைஞ்சா ஒரு ஆளுக்கான அழகான கப் கிடைக்கும், குழாய் வைக்குற அளவுக்கு இடம் இருக்காது. அதில் பால் சேர்த்த எதையும் ஊத்தாதீங்க. அன்னாசியில் இருக்கிற புரோமிலெய்ன் என்கிற என்சைம் பால் புரதத்தை உடைச்சுக் கசக்க வச்சுடும். முலாம்பழத்தை ரெண்டா வெட்டினா கிண்ணம் ரெடி. ஆனா வலை மாதிரி சொரசொரப்பா இருக்கிற அந்தத் தோலில் அழுக்கு நல்லா ஒட்டிக்கிட்டு இருக்கும், கூடுதலாத் தேய்ச்சுக் கழுவணும். பரங்கிக்காய் சுவர் பலமானது, ஆனா பச்சை வாசனை ஜூஸில் இறங்கிடும். உள்ளே ஒரு பாத்திரத்தை இறக்கி வச்சு அதில் ஊத்தினா சமாளிக்கலாம். பலாப்பழத்தை நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க, பிசினில் கத்தி, கை, குழாய் எல்லாம் மாட்டிக்கும். இளநீருக்கு நாம ஒண்ணுமே செய்ய வேண்டாம், அது பிறக்கும்போதே பானை.

மிச்சத்தை என்ன பண்ண?

குடையும்போது சுரண்டி எடுத்த வெள்ளைப் பகுதியைத் தூக்கிப் போடாதீங்க. அப்பவே ஃப்ரிட்ஜில் வச்சுட்டா மறுநாள் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைக்கலாம், சுரைக்காய் மாதிரியே இருக்கும். கர்நாடகக் கடலோரத்தில் இதை ஊறவச்ச அரிசியோட அரைச்சு தோசை சுடுவாங்க, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஊறுகாயே போடுவாங்க. ஆனா பார்ட்டி முழுக்க வெளியே நின்ன ஓடு சமையலுக்கு வேண்டாம். அதை நறுக்கி மாடித் தோட்ட உரக்குழியில் போட்டுடுங்க. குழாயைக் கழட்டி, வாஷரைத் தனியா எடுத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மரை இடுக்கெல்லாம் தேய்ச்சுக் கழுவி, வெயிலில் நல்லாக் காய வைங்க. ஈரத்தோட டப்பாவில் போட்டு மூடினா உள்ளே பூஞ்சை பிடிக்கும், அப்புறம் அடுத்த பார்ட்டிக்குப் புதுக் குழாய்தான் வாங்கணும்.